ஒன்று விட்ட ஞாயிறுகள்

கடையில் எல்லோரும் அவரை லென்ஸ்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், ஜன்னல் இல்லாத ஒரு மூலையில், இருபத்திரண்டு வருடமாக லென்ஸை பிரேமின் அளவுக்கு அரைத்துக் கொடுக்கிற வேலை. முன்பக்கம் வருகிறவர்கள் கண்ணாடி முன் நின்று, இந்த பிரேம் முகத்துக்கு எடுக்கிறதா என்று பத்துத் தடவை கேட்பார்கள். பின்பக்கம் அவர் அந்த முகங்களைப் பார்க்காமலே, இரண்டு கருமணிகளுக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று சீட்டில் எழுதியிருப்பதை மட்டும் படித்துக்கொண்டு வேலை செய்வார். சுத்தமான கை. அவர் அரைத்த லென்ஸ் விளிம்பு உடைந்து திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. பேச்சுதான் வராது. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷன் என்று முதலாளி சொல்வார். அது பாராட்டா பழிப்பா என்று அவருக்கு விளங்கியதில்லை.

அதையே மனைவி கோர்ட்டில் வேறு விதமாகச் சொன்னாள். "இவர் கெட்டவர் இல்லைங்க. குடி கிடையாது, கை நீட்டினது கிடையாது. ஆனா பதினோரு வருஷமா வீட்டுல ஒரு ஆள் இருக்கிற மாதிரியே எனக்குத் தெரியலை."

நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று நீதிபதி அவரைக் கேட்டார். சொல்ல நிறைய இருந்தது. "அவங்க சொல்றது சரிதான்" என்று முடித்துக்கொண்டார்.

மகள் தாயோடு இருப்பாள், ஒன்று விட்டு ஒரு ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை தகப்பனோடு இருப்பாள் என்று முடிவாயிற்று. மகளை வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். அப்போது அவளுக்கு எட்டு வயது முடிந்து ஒன்பது நடந்துகொண்டிருந்தது. மனைவியின் தம்பி அவளை பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவான். உறவு அறுந்த பிறகும் அவன் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டான். வாய்ப் பழக்கம்தான், ஆனாலும் அந்த ஒரு சொல்லுக்காக அவருக்கு அவனைப் பிடிக்கும்.

மாடியில் ஒற்றை அறை, ஒட்டினாற்போல் ஒரு சின்னச் சமையலறை. சிட்டு வந்ததும் நாற்காலி நுனியில் உட்காருவாள். தோள்பையைக் கழற்ற மாட்டாள். ரயிலுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி இருப்பாள்.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன்."

"ஸ்கூல் எல்லாம்?"

"நல்லா இருக்கு. நீங்க சாப்பிட்டீங்களா?"

பத்தேகால் ஆவதற்குள் பேச்சு வற்றிவிடும். மிச்சம் ஆறே முக்கால் மணி நேரத்தை இருவரும் டிவியின் மேல் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவருக்கு அதில் உறுத்தியது ஒன்றுதான். அம்மாவை அவள் 'நீ' என்பாள். தாய்மாமாவையும் 'நீ வா, நீ போ' என்றுதான் பேசுவாள். அப்பாவை மட்டும் 'நீங்க'. மரியாதை என்று யாரும் நினைத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் காட்டுகிற மரியாதை அது என்று அவருக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொட்டி வாங்க இருவரும் தெருமுனைவரை நடந்தார்கள். வழியில் கிளிக்கடை. கிளி விற்பதை அந்தக் கடைக்காரர் நிறுத்திப் பல வருடமாகிறது. இப்போது மீன் தொட்டியும் முயலும்தான். ஆனால் பெயர் போகவில்லை. வாசலில் இருந்த கண்ணாடித் தொட்டியின் முன்னால் சிட்டு நின்றுவிட்டாள். உள்ளே பழுப்பும் வெள்ளையுமாக, உள்ளங்கை அளவில் எலி ஜாதி ஹாம்ஸ்டர் ஒன்று, சூரியகாந்தி விதைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டிருந்தது. அதன் முகம் தோள் அகலத்துக்கு உப்பிவிட்டது.

"அப்பா, இது வாயிலயே பை வச்சிருக்கு!"

கேட்காமலே அவள் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அது. லென்ஸ்காரர் ரொட்டியை மறந்தார். கூண்டு, சக்கரம், தண்ணீர்ப் புட்டி, ஒரு பை மரத்தூள், அந்த ஹாம்ஸ்டர், எல்லாவற்றையும் அங்கேயே வாங்கி, இருவருமாகத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார்கள். அன்று டிவி போடவில்லை. ஐந்து மணிக்கு மாமாவின் பைக் சத்தம் கேட்டபோது சிட்டுவின் தோள்பை தரையில் ஒரு மூலையில் கிடந்தது.

"பேரு பஞ்சு. பத்திரமா பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை பல் விளக்கிக்கொண்டிருந்தவருக்கு, கதவு கீல் கிரீச்சிடுவது போல மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. கூண்டின் மூலையில் பஞ்சு காகிதத் துணுக்குகளையும் மரத்தூளையும் குவித்து மேடு கட்டியிருந்தது. அதற்குள் விரல் நுனி அளவில் ரோஜா நிறத்தில் ஏதோ நெளிந்தது. நோய் கண்டு குடல் சரிந்துவிட்டதோ என்று பதறிப்போனார். கடைக்கு லீவு சொல்லாமலே கிளிக்கடை வாசலில் போய் நின்றார்.

கிளிக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கினவாறே சிரித்தார். "வாங்கும்போதே மாசமா இருந்திருக்குங்க. ஆணும் பொண்ணும் ஒரே தொட்டியில கிடந்தா வேற என்ன நடக்கும்? ஒண்ணு வாங்கினீங்க, மிச்சமெல்லாம் இனாம். என்ன குறை?"

"நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக்கூடாது. அதான் கஷ்டம். பன்னண்டு நாளைக்குக் கூட்டுல கை வைக்காதீங்க. உங்க வாசனை பட்டுதுன்னா தாயே குட்டியைத் தின்னுடும். சத்தம் ஆகாது. வெளிச்சம் ஆகாது. வேகவச்ச முட்டையில ஒரு துண்டு போடுங்க, பால் சுரக்கும். நாலு வாரம் ஆனதும் ஆணு தனி, பொண்ணு தனியா பிரிச்சுடணும். அப்புறம் இன்னும் கொஞ்ச நாள்ல ஒவ்வொண்ணும் தனித்தனிக் கூண்டு. இதுங்க கூட்டுக் குடும்பம் நடத்துற ஜாதி இல்லை. பெருசாயிட்டா ஒண்ணை ஒண்ணு கடிச்சுக் கொன்னுடும்."

கண்ணாடிக் கடைக்குப் போகிற வழியிலேயே மனைவிக்குப் போன் போட்டார். பிரிந்த பிறகு அவராக அழைத்தது அதுதான் முதல் தடவை.

"என்ன ஆச்சு?" அவள் குரலில் கலவரம்.

"ஒண்ணும் ஆகலை. பாப்பாகிட்ட சொல்லணும். பஞ்சு குட்டி போட்டிருக்கு."

எதிர்முனையில் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று அவர் யோசிப்பதற்குள் போன் கை மாறியது.

"அப்பா! எத்தனை குட்டி? நீ எண்ணினியா?"

நீ. நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர் இடித்துக்கொண்டு திட்டிவிட்டுப் போனார்.

"இன்னும் எண்ணலைம்மா. சாயங்காலம் எண்ணிச் சொல்றேன்."

எண்ணுவதற்குக் கூட்டில் கை வைக்கக் கூடாதே! லென்ஸின் விளிம்பில் கீறல் பார்க்க வைத்திருக்கும் உருப்பெருக்கியைக் கடையிலிருந்து எடுத்துவந்தார். பஞ்சு தண்ணீர் குடிக்க எழுந்த அரை நிமிடத்தில், கம்பிக்கு வெளியே மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து எண்ணினார். எட்டு. ஏழு மணிக்குப் போனில் சொன்னார். மறுநாளும் ஏழு மணிக்குப் போன் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது.

பேசத் தெரியாத மனுஷனுக்குத் தினம் கால்மணி நேரம் பேசுவதற்கு விஷயம் வேண்டியிருந்தது. அதனால் பார்க்கக் கற்றுக்கொண்டார். முந்தாநாள் தோல் வழியே வயிற்றிலிருக்கும் பால் வெள்ளையாகத் தெரிந்தது. நேற்று முதுகில் பென்சில் தேய்த்த மாதிரி சாம்பல் நிழல் விழுந்தது. இன்று அது நிழல் இல்லை, மயிர். கண் திறக்காமலே ஒரு குட்டி கூட்டைவிட்டு ஊர்ந்து வந்துவிட்டது, பஞ்சு அதைக் கவ்விக்கொண்டு போய் உள்ளே போட்டது. இதையெல்லாம் மறக்காமல் இருக்க, அளவுச் சீட்டின் பின்பக்கத்தில் குறித்து வைப்பார். ஒருநாள் முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "'எட்டுல மூணு மல்லாக்கத் தூங்குது.' இது எந்தக் கண்ணுக்குப் பவர்?" என்று கேட்க, கடையே சிரித்தது. அவரும் சிரித்தார்.

வீட்டில் பூனை நடை நடந்தார். கடகடவென்ற மின்விசிறியை நிறுத்திவிட்டுப் புழுங்கினார். கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மாவிடம் போய், இரும்புக் கேட்டைக் கொஞ்சம் மெதுவாகச் சாத்த முடியுமா என்று கேட்டார்.

"ஊரே எலிக்குப் பொறி வைக்குது. நீங்க என்னடான்னா தாலாட்டுப் பாடுறீங்க" என்றாள் அந்த அம்மாள். ஆனாலும் அன்றிலிருந்து கேட்டைக் கையால் பிடித்துத்தான் சாத்தினாள்.

குட்டி போட்டுப் பதின்மூன்று நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை. மாமா பைக்கை நிறுத்துவதற்குள் சிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே வந்துவிட்டாள். குட்டிகளில் ஐந்து கண் திறந்திருந்தன. மற்ற மூன்றின் இமைகளில் மெல்லிய பிளவு. கூண்டின் முன் இருவரும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு திறந்துகொண்டன. சிட்டு பெயர் வைத்தாள். நெட்டை, சண்டியர், தூங்குமூஞ்சி, அவசரம், திருடன், ராஜா, சின்ன ராஜா. எட்டாவதோடு அவளுக்குப் பெயர் தீர்ந்துவிட்டது.

"இது எட்டுன்னே இருக்கட்டும்ப்பா."

கடைசியாகக் கண் திறந்ததும் அந்த எட்டுதான், மாலை நான்கு மணிக்கு. அப்போது அது சிட்டுவின் உள்ளங்கையில் இருந்தது. அது உலகத்தில் முதலில் பார்த்தது தன் முகத்தைத்தான் என்று அவள் சொன்னாள். ஹாம்ஸ்டருக்கு அவ்வளவு தூரம் கண் தெரியாது என்பது லென்ஸ்காரருக்குத் தெரியும். சொல்லவில்லை.

புறப்படும்போது அவள் விரலை நீட்டி எச்சரித்தாள். "அடுத்த வாட்டி நான் வந்துதான் இதுங்களைப் பிரிக்கணும். யாருக்கு எந்தக் கூண்டுன்னு நான்தான் சொல்வேன். எனக்கு முன்னாடி நீ பிரிச்சேன்னா உன்கூடப் பேசவே மாட்டேன். சத்தியம் பண்ணு."

"சத்தியமா."

"என் தலையில அடிச்சு."

அடித்துச் சத்தியம் செய்தார். கை அந்தத் தலையின் மேல் தேவைக்கு மேல் ஒரு நொடி இருந்தது.

அடுத்த தடவைக்கு முந்தின வெள்ளிக்கிழமை மைத்துனன் போன் செய்தான். இந்த ஞாயிறு வர முடியாது, பரீட்சை. அடுத்த ஞாயிறு கண்டிப்பாகக் கூட்டிவருகிறேன் என்றான். சிட்டுவும் போனில், "வந்துடுவேன்ப்பா, பிரிச்சுடாதே" என்றாள். லென்ஸ்காரர் கிளிக்கடைக்குப் போய் ஒரு வாரம் தள்ளினால் பரவாயில்லையா என்று கேட்டார். "ரெண்டு நாள் முன்னப்பின்ன ஆகலாம். வாரக் கணக்கெல்லாம் ஆகாதுங்க" என்றார் கடைக்காரர். லென்ஸ்காரர் எட்டுக் குட்டிகளுக்கும் எட்டுப் பிளாஸ்டிக் டப்பா வாங்கினார். கம்பியைச் சூடாக்கி மூடியில் காற்றுத் துளை போட்டார். விளிம்பெல்லாம் உப்புத்தாள் தேய்த்து வழவழப்பாக்கினார். டப்பாக்களைச் சுவரோரம் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு அவளுக்காகக் காத்திருந்தார்.

அடுத்த ஞாயிறும் வரவில்லை. யாரோ விருந்தாளி வருகிறார்களாம். அதற்கடுத்த ஞாயிறு, அவளுடைய முறைப்படி வர வேண்டிய ஞாயிறு, காலை பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஆயிற்று. ஒரு மணிக்கு மைத்துனன் மட்டும் போனில் வந்தான்.

"மாமா, உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. அக்காவுக்கு வேற இடம் பேசியிருக்கு. நல்ல மனுஷன்தான். ஞாயித்துக்கிழமைல அவர் வர்றார், இவங்க போறாங்க. சிட்டு பழகணும்ல. கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க."

"சரி" என்றார். பிறகு, "பாப்பாவை ஒரு நிமிஷம் கூப்பிட முடியுமா? குட்டிங்களைப் பிரிக்கலாமான்னு கேக்கணும்" என்றார்.

"அவங்ககூட வெளியில போயிருக்கா மாமா."

அன்று ஏழு மணிக்குப் போன் வரவில்லை. கூண்டைத் திறந்து டப்பாவைக் கையில் எடுத்தார். கீழே வைத்தார். தலையில் அடித்த சத்தியம். ஒரு வார்த்தை அவளைக் கேட்டுவிட்டால் போதும். நாளைக்கு ஏழு மணிக்குப் போன் வரும், கேட்டுக்கொள்ளலாம் என்று கதவைச் சாத்தினார்.

திங்கட்கிழமை அவர் வேலை முடிந்து வந்து விளக்கைப் போட்டபோது கூண்டில் சத்தமே இல்லை. நெட்டையும் சண்டியரும் எதிரெதிர் மூலைகளில் ஒடுங்கிக் கிடந்தன, இரண்டின் முகத்திலும் ரத்தம். சக்கரத்துக்கு அடியில் எட்டு கிடந்தது. கழுத்தடியில் கடி. இடது காதின் பாதியைக் காணோம். உடம்பு குளிர்ந்து எத்தனையோ நேரம் ஆகியிருந்தது. அது ஒரு எலுமிச்சம்பழக் கனம்கூட இருக்காது. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு அவரால் எழுந்திருக்க முடியவில்லை.

ஏழு மணிக்குப் போன் அடித்தது.

"அப்பா, நேத்து வர முடியலை. கோபமா? எட்டு எப்படி இருக்கு?"

எட்டு அவர் இடது கையில் இருந்தது. "நல்லா இருக்கும்மா. உன்னைத்தான் தேடுது."

"பிரிச்சுட்டியா?"

"இல்லை. நீதான் பிரிக்கணும்னு சொன்னியே."

"சரி, இந்த வாட்டி நீயே பிரிச்சுடு. எட்டை மட்டும் ஜன்னல் பக்கம் வை."

போனை வைத்துவிட்டு அவர் பிரித்தார். ஒவ்வொன்றாகத் தூக்கி ஒவ்வொரு டப்பாவில் விட்டார். ஒரு டப்பா மிஞ்சியது. மறுநாள் விடிந்ததும் மொட்டைமாடியில் செடி பட்டுப்போன ஒரு தொட்டியின் மண்ணைத் தோண்டி எட்டைப் புதைத்தார். அன்று கடையில் அவர் அரைத்த லென்ஸில் ஒன்று விளிம்பு தெறித்தது. முதலாளி வேறு லென்ஸ் எடுத்துக் கொடுத்தார்.

பட்ட காலிலே படும் என்பார்களே, அது அவரை விடவில்லை. இரண்டு வாரத்தில் அவசரத்துக்கு வயிறு பெருத்தது, திருடனுக்கும் பெருத்தது. ஆண் என்று நினைத்து வைத்த பெயர் அது. பஞ்சுவும், பிரிப்பதற்கு முன்பே தன் குட்டிகளில் ஒன்றாலேயே மறுபடியும் சினையாகியிருந்தது. அவசரம் தன் வயதுக்கு மீறி ஏழு குட்டி போட்டு, மறுநாள் காலைக்குள் ஒன்று விடாமல் தின்று தீர்த்தது. திருடன் நான்கு குட்டி போட்டு, நான்கையும் காப்பாற்றியது. பஞ்சுவால் குட்டி போட முடியவில்லை. ஒரு பகல் முழுக்க முக்கிக்கொண்டு கிடந்தது. மிஞ்சின டப்பாவில் போட்டுத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினார். வரிசையில் அவருக்கு முன்னால் இரண்டு நாய்கள் இருந்தன. அவர் முறை வந்தபோது டாக்டர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, மெதுவாக மூடித் திருப்பிக் கொடுத்தார்.

இத்தனையும் நடந்த அந்த நாட்களில் ஏழு மணிப் போன் தினம் என்பதிலிருந்து வாரம் இரண்டு என்றாகி, பிறகு வாரம் ஒன்று என்றாயிற்று. ஒவ்வொரு தடவையும் அவர், எல்லாம் நலம் என்றார். எட்டு வெள்ளரிக்காய் தின்றது என்றார். எட்டு சக்கரத்தில் ஏறக் கற்றுக்கொண்டது என்றார். பேசத் தெரியாதவருக்கு இப்போது பேச்சு தாராளமாக வந்தது, அத்தனையும் பொய். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் வாயெடுப்பார். 'நீ' என்று கூப்பிடும் அந்தக் குரலைக் கேட்டதும் வாய் அடைத்துப் போகும். இன்றைக்கு வேண்டாம், நேரில் வரும்போது சொல்லிக்கொள்ளலாம்.

கண் திறந்த நாளிலிருந்து பத்தாவது வாரம் சிட்டு வந்தாள். முடியைக் கழுத்தளவு வெட்டியிருந்தாள். புதுச் செருப்பு. மைத்துனன் மேலே வரவில்லை.

"நாலு மணிக்கே கூட்டிட்டுப் போக வந்துடுவாங்கப்பா. எட்டு எங்கே?"

முந்தின இரவே அவர் முடிவு செய்துவிட்டார். ஜன்னல் பக்கத்து டப்பாவில் சின்ன ராஜாவை வைத்திருந்தார். அதே பழுப்பு, அதே வெள்ளை வயிறு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று மனது இடித்தது. ஆனாலும் கையைக் காட்டினார்.

"இதோ."

சிட்டு மூடியைத் திறந்து இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தாள். முகத்துக்கு நேரே பிடித்துக் கொஞ்சினாள். பிறகு நின்றாள். மெல்லத் திருப்பிப் பார்த்தாள்.

"எட்டுக்கு இடது காதுல கருப்பா ஒரு புள்ளி இருக்கும்."

அவருக்குத் தெரியாது. உருப்பெருக்கி வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் பார்த்தவருக்குத் தெரியாத அந்தப் புள்ளியை, ஒரே ஒரு மாலைநேரம் கையில் வைத்திருந்த குழந்தை பார்த்திருந்தது.

"வளர வளர... அது மறைஞ்சிருக்கும்" என்றார்.

சிட்டு அதை டப்பாவில் விட்டு மூடியை அழுத்திச் சாத்தினாள். பிறகு சுவரோரம் ஒவ்வொரு டப்பாவாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். காலி டப்பாவிடம் வந்து நின்றாள். பழைய கூண்டும் காலியாக இருந்தது.

"பஞ்சுவும் இல்லையா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"எட்டு எப்போ?"

"நீ... ஜன்னல் பக்கம் வைக்கச் சொன்ன அன்னிக்கு."

"அப்போ வெள்ளரிக்கா தின்னது?"

அவள் கத்தினால் தேவலை என்று காத்திருந்தார். ஏன் பொய் சொன்னாய் என்று அடித்திருந்தால்கூட அவர் மனது ஆறியிருக்கும். சிட்டு தோள்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் அழவில்லை. பெரியமனுஷி மாதிரி, "பரவாயில்லைப்பா. நீங்க வருத்தப்படாதீங்க" என்றாள்.

அதற்கப்புறம் அவள் அவரை ஒருநாளும் 'நீ' என்று கூப்பிடவில்லை.

இரண்டாம் கல்யாணம் நடந்தது. அவர்கள் நகரத்தின் மறுகோடிக்குக் குடிபோனார்கள், இரண்டு பஸ் மாற வேண்டும். ஒன்று விட்டு ஒரு ஞாயிறு என்பது மாதம் ஒன்றானது, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்றானது. ஒரு தடவை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். எந்தக் கடை, என்ன பவர் என்று அவர் கேட்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது, லென்ஸின் மையம் கருமணிக்கு நேரே இல்லை. வலது பக்கம் மூன்று மில்லிமீட்டர் விலகியிருந்தது. கொஞ்ச நேரம் படித்தாலே தலை வலிக்கும்.

"கழட்டிக் குடும்மா. கடைக்குக் கொண்டுபோய் நாளைக்கே சரி பண்ணிடுறேன். அளவு தப்பா வச்சிருக்காங்க."

"வேணாம்ப்பா. அவரு வாங்கிக் குடுத்தது. பழகிடுச்சு."

"தலை வலிக்குமே."

"வலிக்குது. பழகிடுச்சுன்னு சொன்னேனே."

ஊரில் முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு அவர் அரைத்துக் கொடுத்த லென்ஸ் நேராக நிற்கிறது. அதை நினைத்தபடி, அவள் டிவி பார்ப்பதை அவர் பக்கவாட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சிட்டுவுக்குப் பதினோரு வயது நடக்கும்போது மைத்துனன் தனியாக வந்தான். செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து, டீ குடித்து, டம்ளரைத் தானே கழுவி வைத்தான். பிறகும் சொல்ல வந்ததைச் சொல்லாமல் டப்பாக்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சொல்லுப்பா" என்றார் லென்ஸ்காரர்.

"அவ வரலைங்கிறா மாமா. யாரும் தடுக்கலை, என் பிள்ளைங்க மேல சத்தியமா. அக்காகூட போயிட்டு வாடின்னுதான் சொன்னா. 'அங்கே எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியலை'ங்கிறா. நீங்க வேணும்னா கோர்ட்டுக்குப் போகலாம். போனா கூட்டிட்டு வரச் சொல்லுவாங்க."

"வேணாம். கூட்டிட்டு வந்தா உக்காருவா. அவ்வளவுதானே."

"அவ நல்லா இருக்கா மாமா. படிப்பெல்லாம் நல்லா வருது."

"தலைவலி இருக்கான்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

கேட்டுச் சொல்கிறேன் என்று போனான். அவனும் அப்புறம் வரவில்லை. வர அவனுக்குத்தான் என்ன காரணம் இருந்தது?

டப்பாக்கள் இருந்தன. பதினோரு ஹாம்ஸ்டர், பதினோரு டப்பா. ஒன்றையொன்று பார்த்தால் கடித்துக்கொள்ளும் என்பதால் நடுவில் அட்டை வைத்து மறைத்திருந்தார். அறையில் நெடி ஏறியது. வீட்டுக்காரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறி வந்தாள். கேட்டை மெதுவாகச் சாத்தின அதே அம்மாள்தான்.

"யாருக்காக இதையெல்லாம் வச்சுக்கிட்டு இருக்கீங்க? பிள்ளையும் வர்றதில்லை."

யாராவது வளர்க்க எடுத்துக்கொள்வார்களா என்று லென்ஸ்காரர் கிளிக்கடைக்காரரிடம் கேட்டார். அவர் தாடையைச் சொறிந்தார். "வளர்க்க யாரும் கேக்கலை. பாம்பு வச்சிருக்கிறவங்க கேப்பாங்க. அனுப்பவா?" லென்ஸ்காரர் வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டார். கடையில் வரவேற்பில் இருந்த பெண் ஒன்றை எடுத்துப் போனாள். மற்ற பத்துக்கும் காலையில் தண்ணீர் மாற்றுவது, மாலையில் தீனி போடுவது, வாரம் ஒருநாள் டப்பா கழுவுவது என்று நடந்தது. பாசம் என்று சொல்ல முடியாது. தொட்டால் அவற்றில் பாதி கடிக்கும். தான் கொண்டுவந்த உயிர்கள், தன் தயக்கத்தால் பெருகினவை. அவற்றைத் தெருவில் விட மனது வரவில்லை, அவ்வளவுதான்.

ஹாம்ஸ்டருக்கு ஆயுசு இரண்டு வருடம், மிஞ்சினால் இரண்டரை. முதலில் மயிர் உதிரும். பிறகு ஒரு கண் பால் படிந்த மாதிரி வெளுக்கும். பிறகு சக்கரத்தின் பக்கம் போகாமல் மூலையில் சுருண்டுகொள்ளும். நெட்டை போயிற்று, ராஜா போயிற்று, தூங்குமூஞ்சி தூக்கத்திலேயே போயிற்று. மொட்டைமாடித் தொட்டியில் இடம் போதாமல் இன்னொரு தொட்டி வாங்கினார். திருடனின் குட்டிகள் நான்கிற்கும் அவர் பெயர் வைக்கவில்லை. வைக்க வேண்டியவள் வரட்டும் என்றுதான் ஆரம்பத்தில் விட்டார். பிறகு அப்படியே விட்டுப்போயிற்று. அந்த நான்கில் கடைசி ஒன்று இரண்டு வருடம் இரண்டு மாதம் இருந்தது. கடைசி வாரத்தில் அதற்கு விதையை உடைக்கப் பல் இல்லை. ரொட்டியைத் தண்ணீரில் ஊறவைத்துத் தீக்குச்சி முனையில் ஊட்டினார். ஒரு புதன்கிழமை காலை அது வாயைத் திறக்கவில்லை. அரைமணி நேரம் குச்சியைப் பிடித்தபடி காத்திருந்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்.

அந்த வாரக் கடைசியில் டப்பாக்களைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கீழே கொண்டுபோய் வைத்தார். வீட்டுக்காரம்மா அரிசி போட ஆகும் என்று எடுக்க வந்தவள், மூடியில் இருந்த துளைகளைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டாள். மறுநாள் எல்லாம் குப்பை வண்டியில் போயிற்று.

கண்ணாடிக் கடையை ஞாயிற்றுக்கிழமையும் திறக்கப்போவதாக முதலாளி அந்த மாதம் அறிவித்தார். பின்னறைக்கு ஆள் வேண்டும், யார் வருகிறீர்கள் என்று கேட்டார். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் வர்றேன்" என்றார் லென்ஸ்காரர்.

"எல்லா ஞாயிறுமா? ஒண்ணு விட்டு ஒண்ணு வந்தாப் போதுமே."

"எல்லா ஞாயிறும் வர்றேன்."

முதலாளி நோட்டில் எழுதிக்கொண்டார். லென்ஸ்காரர் உள்ளே போய் இயந்திரத்தைப் போட்டு, அடுத்த சீட்டை எடுத்தார். யாரோ ஒரு குழந்தையின் அளவு. ஐம்பத்து நான்கு மில்லிமீட்டர். இரண்டு தரம் படித்துவிட்டு அரைக்க ஆரம்பித்தார்.